எத்தினைக்கு?

ரெஜைனாவில் காலை ஒன்பது.
ஹாமில்டன் ஆஸ்பத்திரியில் பத்து.
என் எண் 4417. பெயர் சொல்லக் கூடாது.
நோயாளி சதாநிதி, ஐம்பத்தாறு.
டாக்டர் ஒரு பெண், குரலில் தடிமன்.

முதலில் முகம்.
கண்ணை இறுக்கி மூடுங்கள்,
நான் திறக்கப் பார்ப்பேன்.
சொல்லிவிட்டு நானும் மூடுகிறேன்
சமையலறை மேசையில், ஆறிய தேநீர் முன்.
யாரும் திறக்க வரவில்லை.

அடுத்து இரண்டு கையும்,
பீட்சா பெட்டி பிடிப்பதுபோல் என்கிறாள்.
கையேந்துங்கள் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
விழுங்கினேன்.
முதுகு திறந்த ஆஸ்பத்திரிச் சட்டையில் இருப்பவரிடம்
அந்தச் சொல்லைச் சொல்ல முடியாது.
கைகளை முன்னுக்கு நீட்டுங்கள்,
உள்ளங்கை கூரையைப் பார்க்கட்டும்,
பீட்சா பெட்டி தாங்குவதுபோல.
"பதினொரு வருசம் அதைத்தான் தாங்கினனான், பிள்ளை."
டாக்டருக்குச் சொன்னேன். சிரித்தாள்.
பத்து விநாடி.
சிரிப்பு நின்ற இடத்தில் ஒரு கை
மெல்லத் திரும்பி இறங்கியிருக்க வேண்டும்.
சொல்லாததைப் பெயர்க்க எனக்கு அனுமதி இல்லை.

இனித் தோள்.
அவள் அமத்துவாள், விட்டுக்கொடுக்காதீர்கள்.
கட்டில் கிறீச்சிட்டது.
விட்டுக்கொடுக்காதீர்கள்.
"நான் எங்க விடுறன். அது தானாப் போகுது."
தன் கையை அது என்கிறார்.
அப்படியே கொடுத்தேன்.

இடது ஐந்து, வலது மூன்று:
பக்கத்தில் எழுதுகிற மாணவனுக்குச் சொல்கிறாள்.
அறையில் கேட்பது எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டும், விதி.
வலது, மூன்று.
"எத்தினைக்கு?"
ஐந்துக்கு.
"அப்ப பாஸ்தானே."

டாக்டர் விளக்கினாள், நீளமாக.
பூமி இழுப்பதை எதிர்த்துத் தூக்கலாம்,
அதன்மேல் அவள் ஒரு விரல் வைத்தாலும் தாங்காது.
பூமியை மட்டும் வெல்வீர்கள் என்று சுருக்கினேன்.
சுருக்கக் கூடாது.
"பூமி பெரிசெல்லோ" என்றார்.

கால்களுக்கு வந்தபோது
மேசைக் காலை நான் மிதித்துக்கொண்டிருந்தேன்,
செருப்பு எப்போதோ கழன்றிருந்தது.
இடுப்பு. முழங்கால்.
பெருவிரலை மூக்கு நோக்கி, விடாதீர்கள்,
இன்னும், விடாதீர்கள்.
வெளியே பனி வழிக்கும் வண்டி
பின்னுக்கு வரும்போது போடும் சத்தம்
அங்கேயும் கேட்டதாம். மன்னிப்புக் கேட்டேன்.

பதினாறு நிமிடம் நாற்பது விநாடி.
கடைசியில் என்ன நோய் என்று
இரண்டு மொழியிலும் யாரும் சொல்லவில்லை.

அடுத்த மணி. வின்ட்சர்.
ஒரு அம்மா, வங்கி அட்டை தொலைந்துவிட்டது.
விடாதீர்கள் என்று தொடங்கி,
மன்னிக்கவும்,
வணக்கம் என்றேன்.