தாங்கி

நமக்குச் சோறு காற்றுக்குழாயில் போனால் புரையேறும்.
ஊர்சினாவின் அஸ்கோனாவுக்குக்
காற்று சோற்றுக்குழாயில் போய்ப் புரையேறுகிறது.
எழுபத்தொன்பதாம் ஆண்டு ஓப்பல்.
தூசிஸ் ஊரைத் தாண்டி மேலேறும் பாதையில்
மூன்றாவது இடப்பக்க வளைவு,
தப்பாமல் அங்கேதான்.
"ஆரோ நினைக்கினம்" என்றேன்.
அவளுக்கு விளங்கவில்லை.
என் ஜேர்மனில் அதற்குமேல் விளக்க வரவில்லை.

பழைய பெற்றோல் தாங்கி தட்டை, எங்கள் வீட்டுத் தாச்சி போல.
பாதிதான் நிரம்பியிருக்கும்.
வளைவில் அந்தப் பாதியும் வலப்பக்கச் சுவரில் ஏறி நிற்க
உறிஞ்சுகுழாய் இடது மூலையில் வெறும் வாயோடு.
அரை நொடிக் காற்று. ஊசிகள் நான்கும் பட்டினி.

காபரேற்றர் காலத்தில் இதற்கென்றே ஒரு கிண்ணம் இருந்தது.
புது எஞ்சின் பூட்டியவன்
கிண்ணத்தையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறான்.

பகலில் எனக்குக் கூர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம்.
சம்பளத் துண்டின் பின்பக்கம் வெள்ளை,
அங்கே வரைந்தேன்:
மூன்று மில்லிமீற்றர் அலுமினியம், ஒடுங்கி உயர்ந்த உருளை,
வாய்கள் நான்கு.
அடியில் உள்ளது பெரிய பம்புக்கு.
சின்னப் பம்பு கொண்டுவந்து ஊற்றுவது மேலே,
எஞ்சின் போதுமென்று திருப்பி அனுப்புவதும் மேலே.
நிரம்பி வழிவது பழைய தாங்கிக்கே திரும்ப
உச்சந்தலையில் இன்னொன்று.
காற்றுக்கு மேலே போகத் தெரியும்,
கதவைத் திறந்து வைத்தால் போதும்.

"எவ்வளவு கொள்ளும்?"
"இரண்டு லீற்றர்."
ஊர்சினா வரித் திணைக்களத்தில் வேலை செய்பவள்.
முழு மிதியில் நிமிடத்துக்கு ஒரு லீற்றர்,
வளைவோ நாலு நொடி,
"அப்படியென்றால் ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் காணுமே!"

காணும்தான்.
ஆனால் திரும்பி வரும் பெற்றோல் சூடு.
சின்னப் பாத்திரத்தில் அதே சூடு சுற்றிச் சுற்றி வந்தால் கொதிக்கும்,
கொதித்தால் மறுபடி குமிழி.
இதை நான் கைகளால்தான் சொன்னேன்.
தலையாட்டினாள், காசும் தந்தாள்.

முதல் ஓட்டம்.
அதே வளைவு, அதே விக்கல்.

இரண்டு இரவு என் வெல்டிங்கைச் சந்தேகித்தேன்.
சவர்க்கார நுரை பூசி ஒவ்வொரு தையலாகப் பார்த்தேன்.
மனைவி தொலைபேசியில் "சாப்பிட்டியளோ" என்றாள்,
"மூடியைக் காணேல்லை" என்றேன்.
மூன்றாம் இரவு
வழிகுழாயை விரலால் தடவிக்கொண்டே போனால்
பின்சீற்றின் அடியில், இரும்புச் சட்டத்தின் மேல்,
மடிந்து கிடக்கிறது.
கதவு திறந்துதான் இருந்தது; முற்றத்தில் சுவர்.
வெளியேற முடியாத காற்று உள்ளேயே குடியிருந்திருக்கிறது.

நாற்பது சென்ரிமீற்றர் புதுக் குழாய். வேறு வழி. இரண்டு கிளிப்.

ஞாயிறு காலை அவள் ஓட்டினாள்.
நான் கைபிடியைப் பிடித்தபடி பக்கத்தில்.
முதலாவது. இரண்டாவது.
மூன்றாவது வந்தது, பெற்றோல் சுவரேறியிருக்கும்,
எஞ்சின் ஒரே குரலில் பாடிக்கொண்டு போனது.
"ஒன்றுமே நடக்கவில்லை" என்றாள்.
திருப்பிக் கீழே இறக்கி
அந்த ஒன்றுமில்லாததை இன்னொரு தரம் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை வாகனப் பரிசோதனை.
அதிகாரி படுத்துக் கிடந்து ரோச் அடித்துப் பார்த்தார்.
நிறையக் கேட்டார், குழாயின் தரம், வெல்டரின் பெயர்.
கடைசியில் பேனாவைத் திறந்து,
"இந்தப் பாகத்தை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?"

களைப்பில் வாய் தன் பாட்டுக்குச் சொல்லிவிட்டது.
எழுத்துக்கூட்டச் சொன்னார்.
கூட்டினேன்.