ஒன்றுக்கு முப்பது

கிரானைட் ஆபீஸை இழுத்து மூடியபோது
ஏலத்தில் எடுத்த மேசை.
துணி வெட்ட நீளம் போதும்.
அதன்மேல், தினத்தாளில் சுற்றி,
சணலால் கட்டி அனுப்பியிருந்தார்கள்
இந்தப் படகை.
தனியாக விலை சொல்லவில்லை.

மரம். சீனத்து மீன்பிடிப் படகு.
என் டேப்பில் இருபத்து மூன்றரை இன்ச்.
மூன்று கம்பம், மூன்று பாய்,
பாய்க்குப் பாய் குறுக்கே மூங்கில் சிம்பு
விசிறிமடிப்புப் பாவாடையைப் படுக்கப் போட்ட மாதிரி.
நடுப்பாய் கிழிசல்.
பின்கம்பம் ஒடிசல்.
முகப்பின் இருபக்கமும் கண் எழுதியிருக்கிறார்கள்,
வலது கண் உதிர்ந்துபோயிருந்தது.

அடிப்பலகையில் பித்தளைத் தகடு:
நாலு சீன எழுத்து, கீழே 1:30.
ரிஸ்வான் போனை நீட்டிக் காட்டினான்.
போன் யோசித்துச் சொன்னது:
'ஒரு பாய், காற்று தோது.'
மூணு பாய் இருக்குடா, எண்ணத் தெரியாதா
என்றேன், போனைத்தான்.

நடுப்பாய்க்கு லைனிங் துணி,
யாரோ ஒரு கல்யாண ரவிக்கையில் மிஞ்சியது.
சிம்புக்கு ஊதுவத்திக் குச்சி.
வலைக்கு வெங்காய மூட்டையின் சிவப்புப் பை.
கண்ணுக்குச் சட்டைப் பொத்தான், நாலு துளை.
இப்போது படகு
இடப்பக்கம் பார்க்கிறது,
வலப்பக்கம் முறைக்கிறது.

அளவு கொடுக்க வந்தாள் கோமதவல்லி.
கையை விரித்து நின்றவள்
படகைப் பார்த்தாள். விரித்த கை அப்படியே நின்றது.
"இது எங்க ஆபீஸ்ல இருந்தது.
இந்தப் பின்கம்பத்துலதான்
மொதலாளி சாவிக்கொத்து மாட்டுவாரு.
கடைசி லோடு, ஏழு பிளாக்கு, கப்பல் ஏறிடுச்சு.
பணம் வரல.
இது வந்துச்சு, கூரியர்ல."
மூணு மாசச் சம்பளம் என்று ஆரம்பித்து
மார்புச் சுற்று முப்பத்தாறு என்று முடித்தாள்.
நான் முப்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டேன்.

"நெஜப் படகு எம்மாம் பெருசு இருக்கும்?"
என் பிழைப்பே அளவுதானே. பெருக்கிச் சொன்னேன்.
ஐம்பத்தெட்டே முக்கால் அடி.
மூக்கை என் கடைவாசலில் வைத்தால்
வால் ராயக்கோட்டை ரோட்டைத் தாண்டி
எதிர் பேக்கரியின் பப்ஸ் கண்ணாடியை உடைக்கும்.
"உடைக்கட்டும்" என்றாள்.
"அந்தாளு பாக்கி வச்சா திட்டுறாரு."

அவள் போன பிறகு
அதே கணக்கைத் திருப்பி வகுத்துப் பார்த்தேன்.
தென்பெண்ணை வழியாகக் கடல்
இங்கிருந்து முந்நூறு கிலோமீட்டர் இருக்கலாம்.
படகின் கணக்கில் பத்து.
பத்தாவது கிலோமீட்டரில் இருப்பது காவேரிப்பட்டணம்.
பேரில் காவேரி, ஓடுவது பெண்ணையாறு.
பட்டணம் என்றால் கடல்துறையாம்,
அங்கே மாங்கூழ் ஆலைகளும்
என் நாத்தனார் வீடும் இருக்கின்றன.
இத்தனை வருஷம் போய்வருகிறேன்,
கொசுவலை கட்டிப் படுத்த ராத்திரியிலும்
அலை கேட்டதில்லை.
சரியான அளவில் நான் போகவில்லையோ என்னவோ.

இன்று ஞாயிறு. டவுன் பஸ். ஜன்னலோரம்.
மடியில் அவள் பிள்ளைகளுக்குத் தைத்த பெருநாள் சட்டைகள்.
"எங்கம்மா?"
"பட்டணம்."
கண்டக்டர் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துத் தந்தார்.
மாந்தோப்புகள் பின்னால் போகின்றன.
ஷட்டர் கடகடக்கிறது, காற்று தோதுதான்.

பின்கம்பத்துக்குப் பசை போட்டிருக்கிறேன்,
காய ராத்திரி ஆகும்.
அதுவரைக்கும் அதில் யாரும்
எதையும் மாட்டக்கூடாது என்று
ரிஸ்வானிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.