நூல் விட்டுப் பார்த்தல்

லோதி காலனி, ஜனவரி, இரவு ஒன்பது.
ஹீட்டரின் இரண்டு கம்பிகளில் ஒன்றுதான் சிவக்கிறது.
இஸ்திரி மேசை விளிம்பில் வைஸைத் திருகி மாட்டியிருக்கிறேன்.
அதன் வாயில் பதினான்காம் எண் தூண்டில் முள்,
ஒரு நெல் நீளம்.

விரல் நுனியெல்லாம் வெடிப்பு.
டில்லிக் குளிர் தோலை அரமாக்கிவிடும்,
நூல் உரசினால் இழை பிரிந்து பஞ்சாகும்.
தேங்காயெண்ணெய் தடவலாம்,
எண்ணெய் பட்ட இடத்தில் வார்னிஷ் ஒட்டாது.
ஆகவே நகம் தேய்க்கும் அட்டையால்
விரலையே தேய்த்துக்கொண்டு உட்காருகிறேன்.

நூற்று நாற்பது டெனியர் கறுப்பு:
இழுத்த இழுப்புக்கு வரும், ஆனால் தடிமன்.
ஈயின் தலை மிளகாகிவிடும்.
ஐம்பது டெனியர் வெள்ளை:
தும்மினால் போச்சு.
மூன்றாவது பட்டு. மஞ்சள்.
கினாரி பஜாரில் ஜரிகைக் கடையில் எடுத்தது.

உலர்ந்த நிறத்தை நம்பக்கூடாது,
மீன் பார்ப்பது நனைந்த நிறத்தை.
கடையிலேயே ஒரு முனையை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
"பெஹன்ஜி, இது மிட்டாயில்லை" என்றார் கடைக்காரர்.
மஞ்சள் மெல்லப் பாசியாகிக்கொண்டிருந்தது,
தீர்த்தன் ஆற்றில் ஏப்ரல் மாதம்
கல்லடியிலிருந்து எழும் பூச்சியின் அடிவயிறுபோல.
இரண்டு கண்டு கொடுங்கள் என்றேன்.

புது நூல் வந்ததும் முதல் வேலை அதை அறுப்பது.
வேண்டுமென்றே, ஐந்து முறை.
ஆறாவது முறை
அறுவதற்கு ஒரு மயிரிழை முன்னால்
கை தானாக நின்றது.
அந்த இடத்திலிருந்துதான் கட்ட ஆரம்பிக்கிறேன்.

ஒன்பதாவது சுற்றில் பட்நாகர் சாப் அழைத்தார்.
ஸ்பீக்கரில் போட்டேன்.
முதலில் பனிமூட்டம்.
பிறகு என் சென்னை மாற்றல் விண்ணப்பம்,
அது யார் மேசையில் இருக்கிறது,
அந்த மேசைக்காரர் அவரோடு கல்லூரியில் படித்தவர்.
பாரா நான்கு புள்ளி இரண்டைப் பற்றி
இன்னும் ஒரு வார்த்தை இல்லை.

நூல் விட்டுப் பார்க்கிறார்.

சுற்றச் சுற்ற நூல் தானே முறுக்கேறும், கயிறாகும்.
பாபினைத் தொங்கவிட்டு எதிர்ப்பக்கம் சுழற்றினால்
நாடாவாகத் தட்டையாகி
உடம்பின்மேல் வழுவழுவென்று படியும்.
இறகின் காம்பைக் கடிக்க வேண்டுமென்றால்
மறுபடி முறுக்க வேண்டும்.
நான் முறுக்கிக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்:
"'முறைகேடு' என்ற சொல் கொஞ்சம் கடினம், மேடம்.
'நடைமுறைத் தளர்வு' என்றால் அதே அர்த்தம்தானே?"

அறுந்தது.

போட்ட சுற்றெல்லாம் ஸ்பிரிங்போல அவிழப் பார்த்தன,
சேவல் இறகு சிலிர்த்து நிமிர்ந்தது.
இடுக்கியால் அறுந்த முனையைக் கவ்வித்
தொங்கவிட்டேன், அதன் கனமே பிடித்துக்கொள்ளும்.
"ஹலோ? லைன் கட்டாயிடுச்சா?"
"இல்லை சார். நூல்தான்."
"என்ன நூல்?"

புது நூலைப் பழைய முனையின்மேல் ஏற்றினேன்.
இறகுக்கு மேல் ஒரு தளர்ந்த வளையம்;
ஆமாம், தளர்வும் தேவைதான்,
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே,
அரை நொடி,
நேராக மேலே இழுக்கும் வரை.

"ஒரு சொல்லை எடுத்துவிடுகிறேன் சார்" என்றேன்.
மறுமுனையில் மூச்சு இறங்கியது.
"தொகைக்கு முன்னால் 'சுமார்' என்று இருக்கிறது.
பைசாவரை கணக்கு கிடைத்துவிட்டது."

பிறகு அங்கே நிறைய நேரம் எதுவும் கேட்கவில்லை.
முள்ளின் காதை அடைக்காமல்
ஒரு கடுகு இடம் விட்டு முடிச்சுப் போட்டேன்,
நான்கு சுற்று, மறுபடி நான்கு.
வார்னிஷ் தொட்டதும் மஞ்சள் கறுத்தது.
நல்ல ஈ என்று சொல்ல மாட்டேன்,
தலை கொஞ்சம் ஒருபக்கம்.

மறுநாள் அவர்கள் கட்டட லிஃப்டில்
என் ஸ்வெட்டர் தோளில் ஒட்டியிருந்த
அறுந்த மஞ்சள் துண்டை
பட்நாகர் சாப்தான் பார்த்தார்.
"எக்ஸ்கியூஸ் மீ" என்று
இரண்டு விரலால் எடுத்துத் தந்தார்,
கம்பளியின் ஒரு இழைகூட நெகிழாமல்.
இந்தக் கை ஈ கட்டலாம் என்று நினைத்தேன்.
நான்காம் மாடியில் அவர் இறங்கினார்.