பன்னிரண்டாம் வகுப்பு

டூரின் நீதிமன்றத்தில் ஹீட்டர் இரைகிறது.
எதிர்த்தரப்பு வக்கீல் என்னைப் பிரதிவாதி என்கிறார்.
பெயர் சொல்ல மாட்டார்,
அது அவர் கட்சிக்காரரின் சொத்து.

எழுபத்தொன்றில் அப்பா விற்றது
இரண்டு லேத், ஒரு தகரக் கூரை, கொஞ்சம் கடன்,
பத்தாம் பக்கத்தின் அடியில்
பெர்த்தொலேரோ என்ற ஒரு சொல்.
எனக்கு அப்போது நான்கு வயது.
ஒர்னெல்லாவை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.

நான் செய்வது மூன்று சக்கர வண்டி,
சந்தைக்குக் கோசும் வெங்காயமும் சுமக்க.
இறக்கத்தில் விட்டால் முப்பது கிலோமீட்டர் போகும்.
வாங்குகிறவர் குழம்பிப்போவாராம்.
எந்த வெங்காயக்காரர் குழம்பினார்,
கூப்பிட்டுக் கேளுங்கள்.

வகுப்பு பன்னிரண்டு, வாகனம்: அவர்களுடையது.
பதினெட்டு, குடை: அதுவும்.
இருபத்தைந்து, தொப்பி, காலுறை.
பத்தொன்பதில் கல்லறைக் கல் வருகிறது,
அதை இன்னும் யாரும் பதியவில்லை
என்று என் வக்கீல் காதோரம் சொன்னார்,
ஆறுதலாம்.

வாக்குமூலத்தில் கையெழுத்துக் கேட்டார்கள்.
போட்டேன்.
கடைசி எழுத்தின் வால் கீழே சுழித்து
பெயருக்கடியில் கோடாக ஓடிற்று,
அப்பாவுக்கு ஓடியதைப் போல,
அவர்கள் பானெட்டில் குரோமில் மின்னுவதைப் போல.

எதிர்த்தரப்பு எழுந்தது:
"இதையும் குறித்துக்கொள்ள வேண்டும், கனம் நீதிபதி."