ரெண்டே முக்கால்

சோறு வேக இருபத்தைந்து நிமிடம்.
காற்று அடித்தால் நாற்பது.
பங்குனிக் காற்று அடித்தது.

நூர்நிஷாவின் சைக்கிள் பையில்
கோடு போட்ட நோட்டு ஒன்று:
ஐந்தே காலுக்கு எழுவது,
ஆறரைக்குள் கூடாரம் மடிப்பது,
வெயில் ஏறும் முன் முப்பது கிலோமீட்டர்.
கடைசி வரி,
திங்கள் எட்டு மணிக்கு மிஷினில் விரல் வைப்பது.
ரத்தப் பைகளில் காலாவதித் தேதி எழுதும்
அதே கையெழுத்து.

நத்தம் பக்கம் ஒரு மாந்தோப்பில் முதல் ராத்திரி.
காலையில் கூடாரம் பனி குடித்து
இரண்டு கிலோ கூடியிருந்தது.
காயப்போட்டால் நேரம் போகும்,
ஈரத்தோடு மடித்தால் வாடை வரும்.
ஈரத்தோடே மடித்தோம்.

விடுப்பு எடுத்துத்தான் கிளம்பினோம்.
வீட்டில் விட்டுவந்த வேலையெல்லாம்
எந்தப் பஸ்ஸைப் பிடித்ததோ,
எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது.
தண்ணீர் பிடி. வெங்காயம் நறுக்கு.
கரிப்பிடித்த சட்டியை மணல் போட்டுத் தேய்.
உள்ளாடை காய மறைவாய் ஒரு கிளை பார்.
பார்த்த கிளையில் முசுறு.
கொண்டுவந்த நாவலில்
பதினோராம் பக்கத்துப் பெண்
இன்னும் ரயிலை விட்டு இறங்கவில்லை.

பாலமேட்டுக்கு முன்னால்
பின்சக்கரத்தில் கருவேல முள்.
டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக்
குமிழி தேடியதில் ஒரு மணி நேரம்.
நோட்டில் அதற்கு இடமில்லை.
ஓரத்தில் நூர்நிஷா எழுதினாள்: முள்.

டீக்கடையில் போனை மாட்டினோம்,
கரண்ட் போனது.
"ஆறு மணிக்கு வந்துரும்."
ஆறு மணிக்கு நாங்கள்
சாத்தையாறு அணைக்குக் கீழே
ஆணி இறங்கும் மண்ணாகத் தேடிக்கொண்டிருந்தோம்.
எட்டு மணிக்கு அவள் போன் செத்தது.
சோறு வடிக்கையில் என்னுடையது.

விழித்தபோது துணியெல்லாம் வெளிச்சம்.
எங்கோ ஒரு சேவல்.
"தூங்கிட்டோம்டி!"
நூர்நிஷா எழுந்த வேகத்தில்
கம்பி விலகிக் கூடாரம் பாதி சாய்ந்தது.
பல் தேய்க்கவில்லை, டீ போடவில்லை.
பத்தே நிமிடத்தில் கட்டி ஏற்றினோம்,
அப்படி ஒருநாளும் மடித்ததில்லை.

அலங்காநல்லூர்ச் சாலையில்
மிதிக்க மிதிக்க விடியவில்லை.
சூரியன் வரவேண்டிய பக்கத்தில்
எங்கள் நிழல் கிடந்தது.

ரோட்டோர மல்லிகைக் கொல்லையில்
நெற்றியில் விளக்குக் கட்டிய
நாலைந்து பெண்கள் குனிந்திருந்தார்கள்.
"அக்கா, மணி என்ன?"
"ரெண்டே முக்கா."
இன்னொரு விளக்கு எங்கள் பக்கம் திரும்பியது.
"பௌர்ணமிக்குக் கோழியே ஏமாறும். நீங்க எம்மாத்திரம்."

ஐந்தே காலுக்கு
இன்னும் இரண்டரை மணி நேரம்.
எந்த வரியிலும் இல்லாதது,
யாரும் கணக்குக் கேட்காதது.
நூர்நிஷா நோட்டை எடுத்தாள்.
பேனாவைத் திறந்தாள்.
பிறகு வாய்க்கால் பாலத்துச் சுவரில்
ஹெல்மெட்டோடு கால்நீட்டிப் படுத்தாள்.

நான் வரப்பேறி
விளக்கில்லாமல் பறித்துப் பார்த்தேன்.
பேச்சி என்று மற்றவர்கள் கூப்பிட்டவள்
என் கையை விரித்துப் பார்த்துப்
பாதிக்கு மேல் கீழே உதறினாள்.
"இதெல்லாம் நாளைக்கு உள்ளது.
இன்னைக்கே பறிச்சுட்டீங்களே."
அதைச் சொல்லும்போதும்
அவள் மறு கை செடியில் இருந்தது.
நாலரை வண்டிக்கு மூட்டை போகவேண்டும்,
வாய் திறந்த பூவுக்கு விலை கிடையாது.

பாலத்துக்கு வந்தேன்.
ஒரே மூச்சில் குறட்டை, ஹெல்மெட்டுக்குள்.
நாவலை எடுக்கலாம்தான்,
எழுத்து தெரிகிற நிலா.
எடுக்கவில்லை.
நனைந்த கூடாரத்தைப் பிரித்து
இரண்டு சைக்கிளுக்கும் நடுவே
நிலவில் காயப்போட்டேன்.

காயாது.