பதினாறு போதாது

'பதினாறும் பெற்று' என்று
யாராவது மைக்கைப் பிடிக்கும்போதெல்லாம்
கமராவுக்குப் பின்னால் நான் சிரித்துக்கொள்வேன்.
என் லப்டொப்பிலும் பதினாறுதான்.
பெருவாழ்வு ஒன்றும் வாழவில்லை அது.

மூன்று கமரா, நாலு மணிநேரச் சடங்கு,
போதாததற்கு ஒரு ட்ரோன்:
மண்டபத்து வாகனத் தரிப்பிடத்தில் வழித்துக் குவித்த பனியை
இமயமலைபோல் எடுத்துத் தரச்சொன்னார்
மாப்பிள்ளையின் தமையன்.
எல்லாவற்றையும் ஒன்றாக விரித்தால்
விசிறி கத்தும், விசைப்பலகை சுடும்,
பிறகு அந்த வண்ணச் சக்கரம்
சுழலும், சுழலும்.

மார்க்கம் கடையில் அர்விந்தர் என்றொரு பொடியன்
என்ன தேவைக்கு என்றான்.
கல்யாணத்துக்கு என்றேன்.
வாழ்த்துச் சொன்னான்.
நாற்பத்தெட்டு வயதில், உப்புக் கறை படிந்த சப்பாத்தோடு நின்று
அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டேன்.
திருத்த மனம் வரவில்லை.

பலகையோடு ஒட்டியே பிறக்குமாம் இந்த நினைவகம்.
பிறகு கூட்டேலாது, கழற்றேலாது,
இன்றைக்கு எவ்வளவோ
அவ்வளவுதான் என்றைக்கும்.
தாலியில்கூட இந்தக் கண்டிப்பு இல்லை.
நான் படம்பிடித்த சோடிகளில்
எனக்குத் தெரிந்தே ஐந்து பேர் கழற்றிவிட்டார்கள்.

முப்பத்திரண்டு போதும் என்றான்,
பல் அத்தனையும் தெரிய.
அறுபத்துநாலு என்றேன்,
கலை அத்தனையும் தெரிந்தவள்போல.
இடையில் ஐந்நூற்று நாற்பது டொலர்.
மேலே பதின்மூன்று வீதம் வரி.
அது பனி டயர் இரண்டு.
அது ட்ரோன் பிடித்த யாழரசிக்கு
இன்னும் நான் கொடுக்காத கூலி.
ஜூனில் ஒன்பது கல்யாணம் இருக்கிறது,
அதுவரைக்கும் ஒரேயொரு அந்தியேட்டி, நேரலை.

நினைவகம் என்று பெயர்வைத்தவர் யாரோ.
மின்சாரம் நின்ற கணத்திலேயே
வைத்திருந்த எல்லாவற்றையும் மறந்துவிடுகிறது.
மேசை என்று வைத்திருக்கலாம்.
பெரிய மேசை, சின்ன மேசை.

யோசித்துவிட்டு வருகிறேன் என்று
காருக்குள் வந்து இருந்தேன்.

போன கிழமை
துவாரகா கல்யாணத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது
தாரை வார்க்கும் இடத்தில் சக்கரம் வந்தது.
பெண்ணின் தகப்பன், திரை நிறைய.
செம்பிலிருந்து இறங்கிய நீர்
பாதி வழியில் நின்றுவிட்டது.
தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தேன்,
அப்படியே நின்றார்.
இன்னொரு பத்து நிமிடம்.
வேறு வேலை இல்லாமல் அவரையே பார்த்தேன்.
மகளை அல்ல,
மண்டபத்தின் பின்கதவைப் பார்க்கிறார்.
யாரோ வரவேண்டியிருந்திருக்கிறது.

சக்கரம் நின்றபிறகு
மூன்று கமராவிலும் தேடிப்பார்த்தேன்.
கதவு திறக்கவேயில்லை.

திரும்பிப் போய் அறுபத்துநாலையே வாங்கினேன்.
பன்னிரண்டு மாதத் தவணை.
யாழரசி பொறுப்பாள்.

விசிறிச் சத்தமே இல்லை இப்போது.
எண்ணெய் விட்டதுபோல் ஓடுகிறது எல்லாம்.
நீர் இறங்குகிறது, கெட்டிமேளம், அறுகரிசி,
அடுத்தவர், அடுத்தவர்.
தகப்பன் முகம்
வந்த வேகத்திலேயே போய்விட்டது.

பின்னுக்கு இழுத்தேன்.
இந்த முறை நானே நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பவேண்டும்.
அந்த மூன்று விநாடியை வைப்பதா வெட்டுவதா
இன்னும் தெரியவில்லை.
வெளியே உப்பு லொறி ஊர்ந்து போகிறது.
செம்பு நீர் பாதியில்.