‘இப்போதே’ பொத்தான்

காஸல் நகரின் மேற்கில், ட்ராம் திரும்பும் மேட்டில்
நாற்பது வீடுகள், நாற்பது கார்கள்,
ஒரே ஒரு டிரான்ஸ்பார்மர்.
பச்சை பெயின்ட் அடித்த பெட்டி.
அதன் தலையில் யாரோ விட்டுப்போன பீர் பாட்டில்.

எல்லாரும் ஆறு மணிக்குத் திரும்பி
எல்லாரும் ஒரே சமயத்தில் வயரைச் செருகினால்
பெட்டி தாங்காது.
கார்கள் வரிசையில் நிற்க வேண்டும்,
நிற்பது யாருக்கும் தெரியாமல்.
அந்த வரிசையை எழுதியவள் நான்.

கணக்கு பல்கலைக்கழகத்தினுடையது,
சார்ஜர்கள் கம்பெனியினுடையவை.
ஒப்பந்தம் ஐம்பத்தெட்டுப் பக்கம்:
எதை எப்போது வெளியிடலாம், காப்புரிமை யாருக்கு,
சண்டை வந்தால் எந்த ஊர் நீதிமன்றம்.
காபிக் காசு யார் தருவது என்று மட்டும் இல்லை.
பேராசிரியர் பராநோவ்ஸ்கிதான் தருகிறார்.

வடகடல் ஓரம் காற்று எழும் இரவுகளில்
இரண்டு மணிக்கு மேல் மின்சாரம் மலிவு.
ஒவ்வொன்றாய் எழுப்புவேன்:
ஏழு, முப்பத்தொன்று, பன்னிரண்டு.
தூக்கத்திலேயே குடித்துவிட்டு
விடியும்போது தயாராக நிற்கும்.
திரையில் அந்தத் தெரு
ஒரு நீண்ட, சீரான மூச்சு.

எண் இருபத்து மூன்று மட்டும்
மாலை ஆறரைக்கே ‘இப்போதே’ பொத்தானை அழுத்துகிறது.
பிப்ரவரியில் பதினொரு முறை.
பேட்டரியில் அறுபத்திரண்டு சதவீதம் இருக்கும்போதே.
மறுநாள் நான்கு கிலோமீட்டர்தான் ஓடுகிறது அந்தக் கார்.

ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஹெர் ஹென்ட்ஷல் வந்திருந்தார்.
வளைகோட்டின் மூக்கில் பரு மாதிரி நின்ற புள்ளியை
லேசரால் சுற்றினார்.
“பயனர் பிழை. இதை எடுத்துவிட்டால்
சேமிப்பு முப்பத்தொரு சதவீதம்.
பத்திரிகைக் குறிப்புக்கு அழகாக இருக்கும்.”
“பிழை இல்லை, நடத்தை” என்றார் பராநோவ்ஸ்கி.
“எடுப்பதானால் என் பெயரையும் சேர்த்து எடுங்கள்.”
“யார் வீடு அது?”
“தரவுப் பாதுகாப்புச் சட்டம்” என்றான் யானிக், வாயில் பிஸ்கட்டோடு.
“சொல்லக் கூடாது. எங்களுக்கே தெரியாது.”

எனக்குத் தெரியும்.
ஆள் போதவில்லை என்று கடைசி வாரத்தில்
நானே ஒரு படிவத்தில் கையெழுத்திட்டேன்.
ஜன்னல் பக்கம் பார்த்தேன். சைக்கிள் ஸ்டாண்டில்
ஒருவர் நனைந்த சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாத்தூரில் நான் பிளஸ் டூ எழுதிய வருடம்
கரண்ட் முதலில் அட்டவணைப்படி போனது,
பிறகு அட்டவணையே போய்விட்டது.
வந்த நொடியில் வீடு ஓடும்:
மோட்டாரைப் போடு, மாவை அரை,
எமர்ஜென்சி லைட்டைச் செருகு, போனைச் செருகு,
கிடைக்கும்போது பிடி, அடுத்தது யார் கண்டது.
பஸ்ஸில் தெற்கே போனால் கயத்தாற்றில்
காற்றாடிகள் கண்ணுக்கெட்டும் வரை சுற்றும்.
அவற்றின் காலடியிலும் இருட்டுதான்.

அதன்பின் ஒரு டாக்டர் பட்டம்.
நாற்பது கார்களிடம் ‘பொறு’ என்று சொல்லி
முப்பத்தொன்பதை நம்பவைத்த மென்பொருள்.
ஆனாலும் ஆறரை மணிக்கு
நிரம்பாத ஓர் எண்ணைக் கண்டால்
விரல் என்னிடம் அனுமதி கேட்பதில்லை.

புள்ளி தங்கியது. சேமிப்பு இருபத்தேழானது.
ஹென்ட்ஷல் கோட்டை மாட்டிக்கொண்டு
ரயில் நேரம் பார்த்தார்.
அடிக்குறிப்பை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள்.
‘காரணம்’ என்று அடித்து
முக்காற்புள்ளி வைத்து
அப்படியே மடிக்கணினியை மூடினேன்.

இன்றிரவு வயரைச் செருகினேன். நாற்பத்தாறு.
பொத்தான் ஆரஞ்சு நிறத்தில் மின்னியது.
மாடி ஏறினேன், ரசம் வைத்தேன்,
குப்பை கொட்டும் சாக்கில் இரண்டு முறை இறங்கினேன்.
குப்பை ஒரு முறைக்குத்தான் இருந்தது.

இரண்டு பத்துக்கு என் முறை வந்தது.
ரிலே ‘டக்’ என்றது.
தெருமுனையில் பச்சைப் பெட்டி முனக
அதன் மேல் பாட்டில் லேசாக அதிர்ந்தது.
போய்ப் படுத்திருக்கலாம்.
நாற்பத்தாறு நாற்பத்தேழாகும் வரை
வீட்டுச் செருப்போடு
குளிரில் நின்றுகொண்டிருந்தேன்.